தங்கவயலில் வேலை: யாருக்கு, எங்கே, என்ன நிபந்தனையில்?



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவில் வேலைவாய்ப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலருக்குத் தோன்றலாம். பண்டிதர் என்றதும் பௌத்தம், மொழி, பூர்வ வரலாறு என்றே பேசிப் பழகிவிட்டோம். அந்தச் சிந்தனைகள் அச்சேறிய காசு எங்கிருந்து வந்தது என்று நாம் அதிகம் கேட்டதில்லை. 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கியது. அதை வாசித்தவர்களில், அதற்குச் செய்தியும் சந்தாவும் அனுப்பியவர்களில், கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்துப் பௌத்தர்களுக்குத் தனி இடம் உண்டு. 1914-இல் பண்டிதர் மறைந்தார். சிறிது காலத்தில் இதழும் நின்றுபோனது. 1926-இல் அதே பெயரில் ‘தமிழன்’ மீண்டும் எழுந்தபோது அது எழுந்த இடம் தங்கவயல், ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபடி அச்சிட்டுத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது.

தலைநகரில் நின்றுபோன ஓர் இதழைச் சுரங்க ஊர் ஒன்று தூக்கி நிறுத்தியது எப்படி? அங்கே நம் மக்களின் கையில் மாதச் சம்பளம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்தால் கொஞ்சம் நேரம் இருந்தது. சேர்ந்து உட்கார்ந்து வாசிக்க, பக்கத்து லைனிலும் அதற்கடுத்த லைனிலும் நம்மவர்களே இருந்தார்கள். சம்பளம், நேரம், கூட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் சிந்தனை வேர்பிடித்தது. ஆகவே வேலையைப் பற்றிப் பேசுவது பண்டிதரை விட்டு விலகுவதல்ல. அவருடைய எழுத்து எந்த மண்ணில் பிழைத்ததோ அந்த மண்ணைப் பற்றிப் பேசுவதுதான்.

அந்த ஊரில் சுரங்கம் மூடிக் கால் நூற்றாண்டு ஆகிறது. தங்கவயலுக்கு மறுபடி வேலை வரும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொல்கிறார்கள். எத்தனை வேலை என்ற கணக்கும் சொல்கிறார்கள். அந்த வேலை யாருக்கு, எங்கே, என்ன நிபந்தனையில் என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கேள்விகளுக்கு விடை தேட, தங்கவயலின் வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம்.

கீழே இறங்கியவர்கள்

1802-இல் ஜான் வாரன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அந்தப் பகுதியில் தங்கம் இருப்பதைப் பற்றி அறிக்கை எழுதினார். அப்போதே அந்த மண்ணில் உள்ளூர் மக்கள் பள்ளம் தோண்டிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1870-களில் லாவெல் என்பவர் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் சுரங்கம் பெருந்தொழிலாக மாறியது.

வேலைக்கு ஆள் எங்கிருந்து வந்தது? வட ஆற்காட்டிலிருந்து, சேலத்திலிருந்து, சித்தூரிலிருந்து. வந்தவர்களில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் பறையர்கள், பிற்காலத்தில் ஆதிதிராவிடர் என்று பதிவானவர்கள். 1876–78 தாது வருடப் பஞ்சம் வட ஆற்காட்டுச் சேரிகளை அரைத்துப் போட்டிருந்த காலம் அது. பண்ணையில் பரம்பரைக் கடனுக்கு உழைத்தவனுக்கு, பூமிக்குள் இறங்குவது பண்ணையாரின் வாசலில் நிற்பதைவிட மேலாகத் தெரிந்தது. இதை நாம் இலேசாகக் கடந்துவிடக் கூடாது. ஒரு மனிதன் இருட்டுக்குள் விரும்பி இறங்குகிறான் என்றால், மேலே அவன் விட்டு வந்த வெளிச்சம் எப்படிப்பட்டதாக இருந்திருக்கும்?

சுரங்கத்திலும் சாதி இல்லாமல் போகவில்லை. மேலே ஐரோப்பியர், அவர்களுக்குக் கீழே ஆங்கிலோ இந்தியர், காவலுக்குப் பஞ்சாபியர், பாறையை உடைக்கும் ஆழத்தில் நம்மவர். வெள்ளைக்காரர்களின் பங்களாக்களும் கிளப்பும் இருந்த பகுதியைக் குட்டி இங்கிலாந்து என்றார்கள். அதே ஊரில் தொழிலாளிக்குக் கிடைத்தது தட்டி வீடு. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூரின் தெருவிளக்குகள் எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. தங்கம் எடுக்க வேண்டும் என்றால் எந்தக் கட்டமைப்பும் வந்து சேரும் என்பதற்கு இது சான்று. பிற்காலத்தில் அந்த ஊருக்கு எதுவும் வரமுடியாது என்று சொன்னவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டும்.

வேலையின் விலை நுரையீரலில் எழுதப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகிலேயே ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் அறுபது டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறி ஆட்களை மூடும். தப்பி மேலே வந்தவர்களைத் தூசி தின்றது. 1940-களில் ஏழாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தங்கவயல் தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது, நூற்றில் நாற்பது பேருக்கும் மேல் சிலிகோசிஸ் இருந்தது. இந்தியாவில் அந்த நோயைப் பற்றிப் பேசும் எவரும் தங்கவயலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பழைய சுரங்கத்தை நினைத்து நாம் பெருமூச்சு விட முடியாது. அது நல்ல வேலை அல்ல. ஆனால் மோசமான அந்த வேலையைத் தொழிலாளர்கள் நூறு ஆண்டுகள் போராடிப் பாதியாவது நல்ல வேலையாக மாற்றினார்கள்.

மாற்றியவர்கள் யார்?

1930-இல் தொழிலாளர்கள் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் யார் யாரிடம் ரேகை எடுத்தார்கள் என்பது நம் மக்களுக்குத் தெரியாததல்ல. முறையான தொழிற்சங்கம் உருவாகாத காலத்திலேயே ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கம் நின்றது. கூலி உயர்வு மட்டும் கேட்டு எழுந்த போராட்டமல்ல அது. எங்களைத் திருடர்களாகப் பதியாதே என்ற மானப் பிரச்சினை அது. வேலையின் தரம் என்றால் என்ன என்று நிபுணர்கள் இன்று பட்டியல் போடுகிறார்கள். அந்தப் பட்டியலின் முதல் வரியைத் தங்கவயல் 1930-லேயே எழுதிவிட்டது: வேலை செய்பவனைச் சந்தேகத்துக்குரியவனாக வைக்காத வேலைதான் தரமான வேலை.

1940-களில் பொதுவுடைமைத் தோழர்கள் சங்கம் கட்டினார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1954-இல் பாபாசாகேப் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். பின்னாளில் இந்தியக் குடியரசுக் கட்சியின் சார்பில் சி.எம். ஆறுமுகமும், அவருக்குப் பின் எஸ். ராஜேந்திரனும் அந்தத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனார்கள். பௌத்தமும் சிவப்புக் கொடியும் நீலக் கொடியும் திராவிடக் கட்சிகளும் ஒரே லைனில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தன. சண்டையும் இருந்தது. ஆனால் எல்லாம் இருந்தன.

1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962-இல் அவை ஒன்றிய அரசிடம் போயின. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் பிறந்தது. நிரந்தர வேலை, வைப்புநிதி, மருத்துவமனை, பிள்ளைகளுக்குப் பள்ளி, இடஒதுக்கீடு எல்லாம் சேர்ந்த ஒரு வேலை, பண்ணையை விட்டு ஓடிவந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது. அதே ஊரில் பி.இ.எம்.எல். என்னும் கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் மகன் பிட்டராகவும் வெல்டராகவும் ஆனான். மகள் ஆசிரியையாக, செவிலியாக ஆனாள்.

சாதி என்பது தொழிலாளர்களைப் பிரித்துவைத்த ஏற்பாடு என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். பம்பாய் ஆலைகளில் தீண்டப்படாதோருக்கு நூற்புப் பகுதியில் இடம் உண்டு. கூலி அதிகமுள்ள நெசவுப் பகுதியில் இடமில்லை. அறுந்த நூலை எச்சில் தொட்டு ஒட்ட வேண்டியிருந்ததால் மற்ற சாதியார் ஒப்பவில்லை. தொழிலாளர் ஒற்றுமை பேசிய சங்கங்களே இதைக் கண்டும் காணாமலும் இருந்ததை அவர் அம்பலப்படுத்தினார். நவீன ஆலைக்குள்ளும் நல்ல வேலை ஒரு சாதிக்கு, கெட்ட வேலை இன்னொரு சாதிக்கு என்ற பிரிவு இருந்தது. இதை மனதில் வைத்துப் பார்த்தால்தான் தங்கவயலில் மூன்று தலைமுறைகளில் நடந்த நகர்வின் அருமை தெரியும்.

யார் கணக்கில் நட்டம்?

2001 பிப்ரவரியின் கடைசி நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கும் மேல் தங்கம் கொடுத்த ஊரின் சங்கு நின்றது.

நட்டம் என்றார்கள். பாறையில் தங்கத்தின் அளவு குறைந்தது உண்மை. ஆழம் கூடக்கூடச் செலவு கூடியதும் உண்மை. ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. அரசுடைமையான பிறகு பல ஆண்டுகள் அந்தத் தங்கத்தை அரசு சந்தை விலைக்கு எடுக்கவில்லை. அவுன்ஸ் 35 டாலர் என்ற சர்வதேச அதிகாரபூர்வ விலைக்கு எடுத்தது. உள்நாட்டுச் சந்தையில் விலை அதைவிட மிக அதிகம். அந்த இடைவெளி நாட்டின் அன்னியச் செலாவணிக் கணக்கில் லாபமாகவும், தங்கவயலின் கணக்கில் நட்டமாகவும் ஏறியது. நாட்டுக்காகச் சுமந்த நட்டத்தைக் காட்டியே பின்னாளில் ஊரை மூடினார்கள்.

சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர்களே சேர்ந்து நடத்துகிறோம் என்று முன்வந்தார்கள், நீதிமன்றம் ஏறினார்கள். 1988-இல் பம்பாய் குர்லாவின் கமானி டியூப்ஸ் ஆலையைத் தொழிலாளர் கூட்டுறவு எடுத்து நடத்த உச்ச நீதிமன்றம் அனுமதித்த முன்னுதாரணம் இருந்தது. தங்கவயலுக்கு அது வாய்க்கவில்லை. 2013-இல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழிவிட்டது. தொழிலாளி கேட்டது உரிமை. முடிவில் பேசப்பட்டது ஏலம்.

ரயிலில் போகும் மூன்று ஷிஃப்ட்

மூடிய பிறகு ஊர் என்ன செய்தது? ரயில் ஏறியது. மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருப்பேட்டையிலிருந்தும் விடியுமுன் புறப்படும் வண்டிகளில் ஆயிரக்கணக்கானோர் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் போகிறார்கள். செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மெண்ட்ஸ், கால் சென்டர், கடை, கட்டுமானம். இரவு வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள்.

எளிய கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று குறைத்தே வைப்போம். வாரத்தில் ஆறு நாளுக்கு 24 மணி நேரம். அது மூன்று முழு ஷிஃப்ட். அதற்குச் சம்பளம் கிடையாது. ஒன்றிய அரசின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர் 1946-இல் தொழிற்சாலைச் சட்டத் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை 48-ஆகக் குறைந்தது. அவர் குறைத்தது 6 மணி நேரம். தங்கவயல் தொழிலாளி மறுபடி இழந்தது 24 மணி நேரம். சட்டப் புத்தகத்தில் 48 என்றுதான் இன்னமும் இருக்கிறது. உடம்புக்குத் தெரிவது 72.

அந்த 24 மணி நேரத்தில்தான் முன்பு இதழ் வாசித்தார்கள், சங்கம் கூட்டினார்கள், நாடகம் போட்டார்கள், விகாரைக்குப் போனார்கள். பிள்ளைகள் இப்போது படிப்பதில்லை, பழைய இயக்க உணர்வு இல்லை என்று நம் மேடைகளில் குறைபட்டுக்கொள்கிறோம். உணர்வு எங்கும் போகவில்லை. அது ரயிலில் நின்றுகொண்டே பயணம் செய்கிறது.

ஊரிலேயே தங்கியவர்களுக்கு என்ன மிச்சம்? 2011-இல் தங்கவயலில் மலக்குழியில் இறங்கியவர்கள் மாண்டபோது, மூடிய கம்பெனியின் குடியிருப்புகளில் உலர் கழிப்பறைகள் இருப்பதும், அவற்றை மனிதர்கள் கையால் அள்ளுவதும் வெளியே தெரிந்தது. நல்ல வேலை போனால் அந்த இடம் காலியாக இருப்பதில்லை. சாதி தன் பழைய வேலையைக் கொண்டுவந்து அங்கே வைத்துவிடுகிறது. ஊரில் ஏதாவது ஒரு வேலை இருந்தால் போதும் என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

வெளியேறு என்றாரே அம்பேத்கர்?

மாணவர்களிடமிருந்து ஒரு கேள்வி வரும். வரவும் வேண்டும். கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னவர் பாபாசாகேப். நகரம் நமக்கு விடுதலை என்கிறோம். பிறகு உள்ளூர் வேலை கேட்பது பின்னோக்கிப் போவதாகாதா?

கிராமத்துச் சேரியில் இருப்பவருக்கு உள்ளூர் வேலை என்றால் பெரும்பாலும் ஊர்க்காரரின் நிலம், ஊர்க்காரரின் வசவு. அங்கிருந்து வெளியேறுவது சரி. ஆனால் தங்கவயல் அப்படிப்பட்ட கிராமம் அல்ல. கிராமத்தை விட்டு வெளியேறியவர்கள் கட்டிய நகரம் அது. ஊர் வேறு, சேரி வேறு என்ற பிளவை முதுகில் சுமக்காமல், ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்ந்து, தங்கள் பிரதிநிதியைத் தங்கள் கட்சியின் பெயரால் தேர்ந்தெடுத்த நகரங்கள் இந்தியாவில் எத்தனை இருக்கின்றன? அந்த ஊரிலிருந்து பெங்களூருக்குப் போகிறவர், வாடகை வீட்டுக்காரர் சைவமா என்று கேட்டுச் சாதியைத் துழாவும் தெருவுக்குப் போகிறார். இங்கே பெரும்பான்மையாக இருந்தவர் அங்கே உதிரியாகிறார். வெளியேறுதல் விடுதலையா இல்லையா என்பது எதிலிருந்து வெளியேறுகிறோம் என்பதைப் பொறுத்தது. சேரியிலிருந்து நகரத்துக்குப் போவது ஒன்று. சொந்த நகரத்திலிருந்து விரட்டப்படுவது வேறொன்று.

போக விரும்புகிறவர் போகட்டும். போயே ஆக வேண்டும் என்ற நிலைதான் அநீதி.

கண்ணூரும் ஊராளுங்கலும்

தொழில் போன ஊரில் தரமான வேலை உருவாக்க முடியுமா என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. நம் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள்.

1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம் வந்தது. கேரளம் அதை நடைமுறைப்படுத்த முனைந்தபோது, 1968-இல் மங்களூர் பீடி முதலாளிகள் கண்ணூரில் கடையைக் கட்டினார்கள். சுமார் 12,000 பேர் ஒரே அடியில் வேலையிழந்தார்கள். 1969-இல் மாநில அரசு கடனும் பங்குத்தொகையும் கொடுக்க, தொழிலாளர்களே தினேஷ் பீடி கூட்டுறவைத் தொடங்கினார்கள். எந்தச் சட்டத்துக்குப் பயந்து முதலாளிகள் ஓடினார்களோ அந்தச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி, விடுப்பு, வைப்புநிதி எல்லாவற்றையும் கொடுத்தே அந்தக் கூட்டுறவு வளர்ந்தது. பீடி சுற்றும் கொட்டகையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். பீடிக்குச் சந்தை குறைந்தபோது உணவுப் பொருள், குடை, ஆடை, மென்பொருள் என்று கிளை விரித்தார்கள். பீடி காலமெல்லாம் நிற்காது என்று தெரிந்து, தொழிலாளியை நிற்க வைத்தார்கள்.

இன்னும் பழைய கதை வடகரைக்குப் பக்கத்திலுள்ள ஊராளுங்கலுடையது. சாதியையும் சடங்கையும் எதிர்த்த வாக்படானந்தரின் ஆத்மவித்யா சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தார்கள். 1925-இல் பதினான்கு பேர் சேர்ந்து தாங்களே ஒப்பந்த வேலை எடுக்கும் தொழிலாளர் சங்கமாகப் பதிந்தார்கள். இன்று கேரளத்தின் சாலைகளையும் பாலங்களையும் கட்டும் பெரிய நிறுவனம் அது. கோழிக்கோட்டில் மென்பொருள் பூங்காவும் நடத்துகிறது. சாதி விலக்கம் வேலை மறுப்பாக வந்தபோது, அதற்கு எதிர்ப்பும் வேலை வடிவிலேயே எழுந்தது.

இந்தக் கதைகளை அப்படியே தூக்கித் தங்கவயலில் வைக்க முடியாது. ஊராளுங்கலில் தொடங்கியவர்கள் பெரும்பாலும் தீயர்கள். ஒடுக்கப்பட்டிருந்தாலும், வீட்டுமனையும் ஊருக்குள் ஓர் இடமும் உள்ள சமூகம். கண்ணூருக்கு ஆதரவாக ஒரு மாநில அரசு நின்றது. தங்கவயல் மக்களுக்குக் குடியிருக்கும் வீடே கம்பெனியுடையது; அது யாருக்குச் சொந்தம் என்பதே நெடுங்கால வழக்கு. தொழிலாளர்கள் சேர்ந்தால் எல்லாம் நடக்கும் என்பது பாதிப் பேச்சு. அவர்கள் காலூன்ற நிலம் வேண்டும் என்பது மீதிப் பேச்சு. முக்கியத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்று 1947-இல் ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ அறிக்கையில் அம்பேத்கர் ஏன் வற்புறுத்தினார் என்பது இங்கே புரியும். கையில் சொத்து இல்லாதவனுக்கு ஒப்பந்தச் சுதந்திரம் என்பது, கொடுத்த கூலிக்குத் தலையாட்டும் சுதந்திரம்தான்.

நிலமும் மேடும்

தங்கவயலில் இப்போது பேச்சு இரண்டைப் பற்றி நடக்கிறது. ஒன்று, கம்பெனியின் பல்லாயிரம் ஏக்கர் நிலம். அதில் ஒரு பகுதியில் தொழில் பூங்கா அமைக்கக் கர்நாடக அரசு திட்டம் பேசுகிறது. இன்னொன்று, சயனைட் மேடுகள். பாறையை அரைத்துத் தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் சுமார் மூன்று கோடியே முப்பது இலட்சம் டன். ஆயிரம் ஏக்கரில் பதின்மூன்று மேடுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அந்தத் தூசி வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். அதிலும் கொஞ்சம் தங்கம் மிச்சம் இருப்பதால், அதை ஏலம் விட 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சினிமாக்காரர்களுக்கு அந்த மேடுகள் படப்பிடிப்புத் தளம். ஏலக்காரர்களுக்குத் தங்கம். நம் மக்களுக்கு மூச்சிரைப்பு.

இவை வந்தால் வேலை வரும் என்கிறார்கள். வரட்டும். ஆனால் மேட்டு மண்ணை அள்ளிக் கழுவுவது பெரும்பாலும் எந்திர வேலை. கிடைக்கும் ஆள்வேலையும் ஒப்பந்தத்தில் போனால், தூசியைச் சுவாசிப்பவர் ஒருவர், தங்கத்தை எடுப்பவர் இன்னொருவர் என்ற 1880-ஆம் ஆண்டின் கணக்கே திரும்பி வரும். தொழில் பூங்காவும் அப்படித்தான். பொதுத்துறையில் இடஒதுக்கீடு இருந்தது. பூங்காவில் வரும் தனியார் நிறுவனத்தில் அது கிடையாது. வேலி போட்ட பூங்காவுக்குள் பொறியாளர்கள் பெங்களூரிலிருந்து வந்துபோக, ஊர்க்காரர்கள் கேட்டில் நிற்கவும் கழிப்பறை கழுவவும் மட்டும் உள்ளே போனால், ரயிலின் திசை மாறியிருக்கும், வேறொன்றும் மாறியிருக்காது.

உள்ளூர்க்காரர் யார் என்ற கேள்வியையும் நேராகப் பார்க்க வேண்டும். 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை தனியார் வேலைகளில் உள்ளூர் மக்களுக்கு ஒதுக்கீடு தரும் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்திவைத்தது. கர்நாடகத்தில் பிறந்து பதினைந்து ஆண்டு வாழ்ந்தவர், கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவர் என்று அதில் வரையறை இருந்தது. நான்கைந்து தலைமுறையாக அந்த மண்ணுக்குள் இறங்கியவர்களின் பிள்ளை, தமிழ்வழியில் படித்ததால் உள்ளூர்க்காரர் ஆகாமல் போகலாமா? கன்னடம் கற்க நம் மக்கள் தயங்கவில்லை. தங்கவயலில் இரண்டு மூன்று மொழி பேசாத வீடு அரிது. கற்க ஏற்பாடு செய்வது அரசின் கடமை. அதை வேலையை மறுக்கும் சல்லடையாக்குவது அநியாயம்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

முதலில் வீடு. முன்னாள் தொழிலாளர்களின் குடும்பங்களுக்கு அவர்கள் வாழும் வீடும் மனையும் பட்டாவாக வேண்டும். காலி செய் என்ற நோட்டீஸுக்குப் பயந்துகொண்டு யாரும் சம்பளம் பேசி வாங்க முடியாது.

அடுத்து நிலம். அதை விற்கக் கூடாது. குத்தகைக்குத்தான் விட வேண்டும். குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனை வேண்டும்: ஊர் மக்களுக்கு இத்தனை நேரடி வேலை, அதில் மேற்பார்வை, தொழில்நுட்பப் பதவிகளிலும் பங்கு, பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு, ஒப்பந்தத் தொழிலுக்கு வரம்பு. மீறினால் நிலம் திரும்ப வர வேண்டும். அரசு நிலத்தைச் சலுகை விலையில் வாங்குகிறவரிடம் இதைக் கேட்பது பிச்சை அல்ல, பேரம்.

மூன்றாவது மேடுகள். ஒரு கூடை மண் அள்ளுவதற்கு முன் ஊரின் நுரையீரலைக் கணக்கெடுக்க வேண்டும். சிலிகோசிஸ் பதிவேடு, மருத்துவம், இழப்பீடு. 2015-இன் கனிமச் சட்டத் திருத்தம் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்காக மாவட்டக் கனிம அறக்கட்டளையை ஏற்படுத்தியது. அந்த நிதி தங்கவயலின் லைன்களுக்கு வந்து சேருகிறதா என்று கணக்குக் கேட்பது நம் வேலை. மேடுகளை மூடி மரம் வளர்ப்பது, குடிநீரைச் சுத்தப்படுத்துவது, உலர் கழிப்பறைகளை ஒழித்து எந்திரச் சுத்திகரிப்பு கொண்டுவருவது எல்லாமே வேலைதான். ஊருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும் வேலை.

நான்காவது, அந்த வேலைகளை யார் எடுப்பது? கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகை வரையிலான அரசு ஒப்பந்தங்களில் 24.1 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கப்படுகிறது. நல்ல சட்டம். ஆனால் ஒப்பந்தக்காரர் நம்மவர் ஆனதால் மட்டும் அவரிடம் வேலை செய்கிறவரின் கூலி உயர்ந்துவிடாது. அந்த ஒதுக்கீடு தொழிலாளர் கூட்டுறவுகளுக்குப் போக வேண்டும். சிறப்புக் கூறு நிதியிலிருந்து அவற்றுக்கு மூலதனம் வர வேண்டும். ஊராளுங்கலுக்கு இல்லாத இந்த வழி நமக்குச் சட்டத்தில் இருக்கிறது. பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

கடைசியாக, இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். பண்டிதரின் எழுத்துகளை 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பிறகு, அவற்றின் மீது எத்தனையோ முனைவர் பட்டங்கள் வந்துவிட்டன. அவரைக் காப்பாற்றிக் கொடுத்த தொழிலாளர்களின் கூலிச் சீட்டு, சங்கத் துண்டறிக்கை, மருத்துவச் சீட்டு, வீட்டு ஒதுக்கீட்டு ஆணை எல்லாம் டிரங்குப் பெட்டிகளில் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரட்டுங்கள். ஆய்வுக்காக மட்டும் அல்ல. நாளை ஏலக் குழுவின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் இந்த ஊர் யாருடையது என்று கேட்கும்போது, அந்தத் தாள்கள்தாம் நமக்குப் பத்திரம்.

வேலை கொடுங்கள் என்று கைகட்டிக் கேட்பது பண்ணைக் காலத்து மொழி. தங்கவயல் மக்கள் அந்த மொழியை விட்டு நூற்று நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. எண்ணூறு டன் தங்கத்தை நாட்டுக்கும், நின்றுபோன ஓர் இதழின் இரண்டாம் உயிரை நமக்கும் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கியை வேலையாக, நிலமாக, நேரமாக வசூலிப்போம்.

ஜெய்பீம்.